பீரோவின் மேல் கிடக்கும் மடிக்கணினி: யாருக்கு எந்த இயங்குதளம்?



கல்வி உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் விண்ணப்பங்களில் 'பிள்ளைக்கு மடிக்கணினி வேண்டும்' என்ற வரி இப்போது அடிக்கடி வருகிறது. வீட்டுக்குப் போய் விசாரித்தால், பல வீடுகளில் ஏற்கெனவே ஒரு மடிக்கணினி இருக்கிறது. அண்ணனுக்கோ அக்காவுக்கோ பள்ளியில் அரசு கொடுத்தது. 'ரொம்ப ஸ்லோ', 'விண்டோஸ் போய்விட்டது', 'கடைக்காரர் இனி இது தேறாது என்று சொல்லிவிட்டார்' என்று ஏதாவது ஒரு காரணத்தால் அது பையோடு பீரோவின் மேல் ஏறிவிட்டது.

அதன் பிறகு அந்த வீட்டின் முன் மூன்று வழிகள் நிற்கின்றன. மாதத் தவணை என்ற பெயரில் வட்டிக்குப் புதியது வாங்குவது ஒன்று. சில நூறு ரூபாய் கொடுத்து, உரிமம் இல்லாத களவு விண்டோஸைப் போட்டுக்கொள்வது இரண்டாவது. எதுவும் வேண்டாம் என்று படிப்பு முழுவதையும் கைப்பேசித் திரையிலேயே ஓட்டுவது மூன்றாவது. முதல் வழியில் வட்டி. இரண்டாவதில் பிறர் உரிமை. மூன்றாவதில் பிள்ளையின் கண்ணும் படிப்பும் போகின்றன.

நான்காவதாக ஒரு வழி உண்டு. திறமூல இயங்குதளம் என்று அதற்குப் பெயர். அது எல்லாருக்கும் பொருந்தும் என்று நாங்கள் சொல்லப் போவதில்லை. யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது, பொருந்துகிறவர்கள் அதில் எந்த வகையை எடுக்க வேண்டும் என்பதுதான் இந்த இதழின் பாடம்.

1. இப்போது ஏன் இந்தப் பேச்சு?

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10-க்கான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் கிடைக்கும். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-இலேயே முடிந்துவிட்டது.

ஆதரவு முடிந்தால் கணினி மறுநாளே நின்றுவிடாது, ஓடும். ஆனால் திருடன் நுழையக்கூடிய புது ஓட்டை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டால் அதை அடைக்க யாரும் வரமாட்டார்கள். வங்கிக் கணக்கையும் ஆதார் எண்ணையும் கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தையும் அதே கணினியில் திறக்கிறோம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

சரி, விண்டோஸ் 11 போடலாம் என்றால் பழைய கணினி அதற்கு இடம் கொடுப்பதில்லை. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். குறைந்தது 4 ஜிபி நினைவகமும் வேண்டும். ஆகவே நல்ல நிலையில் உள்ள கணினிகளும் 'காலாவதி' என்று ஒதுக்கப்படுகின்றன. பயன்படக்கூடிய பொருளைத் தூக்கி எறிவது வீண்விரயம். நம் மார்க்கம் வீண்விரயத்தை எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும்.

2. இயங்குதளம் என்றால் என்ன? திறமூலம் என்றால் என்ன?

கணினியின் உறுப்புகளையும் நாம் பயன்படுத்தும் செயலிகளையும் இணைத்து வேலை வாங்கும் அடிப்படை மென்பொருள்தான் இயங்குதளம். படகுக்கு உடல் இருக்கிறது, எஞ்சின் இருக்கிறது, வலை இருக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்து வேலை வாங்க ஓட்டுகிறவர் வேண்டும். கணினியில் அந்த இடம் இயங்குதளத்துக்கு. விண்டோஸ் அப்படி ஒன்று. கைப்பேசியில் உள்ள ஆண்ட்ராய்டு இன்னொன்று.

ஒரு மென்பொருள் எப்படி எழுதப்பட்டது என்ற மூலக் குறிமுறையை எல்லாரும் பார்க்கலாம், மாற்றலாம், படியெடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம் என்று எழுதியவரே அனுமதி கொடுத்திருந்தால் அது திறமூல மென்பொருள். கட்டற்ற மென்பொருள் என்றும் சொல்வார்கள். 1983-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் 'குனு' திட்டத்தை அறிவித்தார். 1991-இல் ஃபின்லாந்தில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 'லினக்ஸ்' என்ற கருவை வெளியிட்டார். இரண்டும் சேர்ந்துதான் இன்று 'லினக்ஸ்' என்று பொதுவாகச் சொல்லப்படும் இயங்குதளம். நம் கையில் உள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள் இருப்பதும் லினக்ஸ் கருதான். ஆகவே இது நமக்குப் புதிதல்ல, பெயர்தான் புதிது.

லினக்ஸ் கருவைச் சுற்றித் திரைத் தோற்றம், செயலிகள், அமைப்புகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு முழுப் பொதியாகக் கொடுப்பதை 'வழங்கல்' என்கிறார்கள். டெபியன் (1993), உபுண்டு (2004), லினக்ஸ் மின்ட் (2006), நம் நாட்டின் பாஸ் (2007) எல்லாம் அப்படிப்பட்ட வழங்கல்கள். பிரியாணி ஒன்றுதான், ஆம்பூர் கைப்பக்குவம் வேறு, திண்டுக்கல் கைப்பக்குவம் வேறு. அதுபோல அடிப்படை ஒன்று, பரிமாறும் விதம் வேறு.

3. களவு மென்பொருள்: ஹலால், ஹராம் கேள்வி

'எல்லாரும்தானே போடுகிறார்கள், கோடீஸ்வரக் கம்பெனிக்கு இதனால் என்ன நட்டம்?' என்று கேட்கிறவர்கள் உண்டு. பிறர் பொருளை அவர் விருப்பமின்றி எடுப்பது கூடாது; ஒப்புக்கொண்ட ஒப்பந்தத்தை நிறைவேற்ற வேண்டும். இந்த இரண்டு அடிப்படைகளும் பெரிய கம்பெனி, சின்னக் கம்பெனி என்று பார்ப்பதில்லை. சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய அமர்வில் இந்தக் கேள்வியைப் பரிசீலித்தது. நூலாசிரியர் உரிமை, கண்டுபிடிப்பு உரிமை, வணிகப் பெயர் உரிமை ஆகியவை ஷரீஅத் பாதுகாக்கும் உரிமைகள். அவற்றில் அத்துமீறக் கூடாது என்று அங்கே தீர்மானிக்கப்பட்டது.

உலக வாழ்க்கையிலும் இதில் நட்டமே. உரிமப் பூட்டை உடைக்கப் பயன்படுத்தும் 'ஆக்டிவேட்டர்' நிரல்கள் பலவற்றோடு வைரஸும் சேர்ந்து வருகிறது. அதை ஓட்ட வேண்டும் என்பதற்காகக் கணினியின் பாதுகாப்பையே அணைக்கச் சொல்வார்கள். திருடனுக்கு நாமே கதவைத் திறந்து விடுகிற கதைதான்.

திறமூல மென்பொருளில் இந்தச் சங்கடம் எதுவும் இல்லை. படியெடுத்துக் கொடுக்க எழுதியவரே அனுமதித்திருக்கிறார். நாம் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் போட்டுக் கொடுத்தால் அது குற்றம் இல்லை, நன்மை. பிறருக்குப் பயன் தரும் கல்வியை விட்டுச் செல்வதன் சிறப்பை அறிந்த சமுதாயம் நாம். இந்த முறையின் அருமை நமக்குச் சொல்லாமலே விளங்கும்.

4. நம் மாவட்டத்தில் தொடங்கிய ஒரு பாடம்

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று நம் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த அந்த மடிக்கணினிகளில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ். மற்றது 'பாஸ்' லினக்ஸ். பாஸ் நம் சென்னையிலேயே சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது. தமிழ் உட்பட இந்திய மொழிகளில் பயன்படுத்தலாம். ஆக, திறமூல இயங்குதளம் லட்சக்கணக்கான தமிழ் வீடுகளுக்குள் அன்றே வந்துவிட்டது.

அது என்ன ஆயிற்று? அனுப்பம்பட்டு, பழவேற்காடு, பொன்னேரி பக்கங்களில் நாம் கண்டது இதுதான். கணினியைத் திறந்தால் இரண்டு பெயர்கள் வரும். பிள்ளைகள் பழகிய பெயரை அழுத்துவார்கள். மற்றது என்ன என்று சொல்லிக் கொடுக்க வீட்டிலும் ஆள் இல்லை, பெரும்பாலும் பள்ளியிலும் இல்லை. ஏதாவது கோளாறு என்று கடைக்குக் கொண்டுபோனால், வட்டு முழுவதையும் அழித்து விண்டோஸை மட்டும் போட்டுக் கொடுப்பார்கள். கொடுத்த அரசின் நோக்கம் அங்கேயே அழிந்தது. 2014-இல் விண்டோஸ் எக்ஸ்பி-க்கான ஆதரவு முடிந்தபோது அரசு அலுவலகங்களைப் பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி தமிழக அரசு அறிவுறுத்தியது. ஆனால் வீடுகளுக்குள் அந்தப் பேச்சு வந்து சேரவில்லை.

கேரளத்தைப் பாருங்கள். 2001-இல் தொடங்கிய 'ஐடி அட் ஸ்கூல்' திட்டத்தில் அரசுப் பள்ளிகள் படிப்படியாகத் திறமூலத்துக்கு மாறின. முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பாடநூலையே திறமூல மென்பொருளை வைத்து எழுதினார்கள். பத்தாம் வகுப்பு ஐ.டி. தேர்வும் அதிலேயே நடக்கிறது. பள்ளிகளுக்கென்றே ஒரு லினக்ஸ் வழங்கலை உருவாக்கிப் புதுப்பித்து வருகிறார்கள். 2019-இல் அது 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளுக்குப் போவதாக அறிவித்தார்கள்.

இரு மாநிலங்களிலும் மென்பொருள் ஏறத்தாழ ஒன்றுதான். இரண்டுக்கும் அடியில் டெபியன் குடும்பமே இருக்கிறது. அங்கே சொல்லிக் கொடுக்க ஆள் இருந்தது, இங்கே இல்லை என்பதே வேறுபாடு. இயங்குதளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த ஒன்றை மறக்கக் கூடாது: கணினி அறிந்தவர்கள் மெச்சும் இயங்குதளம் நமக்குச் சிறந்தது என்று சொல்ல முடியாது, சிக்கல் வந்தால் கேட்பதற்குப் பக்கத்தில் ஆள் இருக்கும் இயங்குதளமே நமக்குச் சிறந்தது.

5. தேர்வுக்கு முன் மூன்று கேள்விகள்

முதல் கேள்வி: வேலை என்ன? இந்தக் கணினியில் அன்றாடம் திறக்கும் செயலிகள் எவை என்று ஒரு தாளில் எழுதுங்கள். அவற்றில் எத்தனை இணைய உலாவிக்குள்ளேயே நடப்பவை என்று குறியுங்கள். யூடியூப், ஜிமெயில், நான் முதல்வன் பாடங்கள், உதவித்தொகை விண்ணப்பம், ரயில் டிக்கெட், வங்கி ஆகியவை உலாவியில் நடப்பவை. அவற்றுக்கு எந்த இயங்குதளமும் போதும்.

இரண்டாவது கேள்வி: கணினியின் வலு என்ன? ராம் எனப்படும் நினைவகம் 2 ஜிபியா, 4 ஜிபியா, 8 ஜிபியா? செயலி 32-பிட்டா, 64-பிட்டா? விண்டோஸ் திறக்கிறது என்றால் அமைப்புகளில் 'சிஸ்டம்' பகுதியில் இந்த விவரம் இருக்கும்.

மூன்றாவது கேள்வி: சிக்கல் வந்தால் யாரைக் கேட்போம்? கல்லூரி படிக்கும் உறவுக்காரப் பிள்ளையா, தெருவில் உள்ள ஐ.டி. ஊழியரா? அவர் எந்த வழங்கலைப் பயன்படுத்துகிறாரோ அதையே நாமும் போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம்.

6. யாருக்கு எது?

*பள்ளி மாணவர், முதல்முறை லினக்ஸைத் தொடும் குடும்பம்:* லினக்ஸ் மின்ட் எடுங்கள். கீழே பட்டை, இடது மூலையில் மெனு என்று விண்டோஸ் பழகிய கைக்கு வழி தெரியும். உலாவி, எழுத்து வேலைக்கும் கணக்குத் தாளுக்கும் லிப்ரே ஆபீஸ், வீடியோ பார்க்கும் செயலி எல்லாம் உடன் வருகின்றன. குறைந்தது 2 ஜிபி நினைவகம் வேண்டும். 4 ஜிபி இருந்தால் வசதி. இப்போதைய 22 வரிசைப் பதிப்புகளுக்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளைக்குப் போட்டுக் கொடுத்தால் அடுத்த சில ஆண்டுகளுக்குத் தொட வேண்டியதில்லை.

*அரசு கொடுத்த பழைய 2 ஜிபி மடிக்கணினி:* மின்டிலேயே எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய திரைத் தோற்றம் கொண்ட பதிப்பை எடுங்கள். அதுவும் தள்ளாடினால் லுபுண்டு, அல்லது டெபியனோடு எக்ஸ்எஃப்சிஇ. மிகப் பழைய 32-பிட் கணினி என்றால் கவனம் வேண்டும். மின்ட் 2020-இலேயே 32-பிட்டைக் கைவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ம் அதற்கான நிறுவல் வட்டு தருவதில்லை. அப்படிப்பட்ட கணினிக்கு ஆன்டிஎக்ஸ் போன்ற மிக இலகுவான வழங்கல்தான் கைகொடுக்கும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். இயங்குதளம் இலகுவாக இருந்தாலும் இன்றைய இணையதளங்கள் கனமானவை. 2 ஜிபி கணினியில் ஒரே நேரத்தில் பத்துப் பக்கங்களைத் திறந்தால் எந்த இயங்குதளமும் திணறும். பழைய வட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவதும், இடம் இருந்தால் நினைவகத்தை 4 ஜிபி ஆக்குவதும் புதுக் கணினி விலையில் ஒரு சிறு பங்குக்குள் முடியும். வேகத்தில் தெரியும் மாற்றமோ பெரிது.

*கணினி அறிவியல் படிக்கும் கல்லூரி மாணவர்:* உபுண்டு எடுங்கள். உலகின் பெரும்பாலான இணைய சர்வர்களில் ஓடுவது லினக்ஸ். வேலைக்குப் போனால் அதைத்தான் தொட வேண்டும். இரட்டைப்படை ஆண்டுகளின் ஏப்ரலில் வரும் 'எல்டிஎஸ்' பதிப்புக்கு 5 ஆண்டுகள் ஆதரவு உண்டு. இடையில் வரும் பதிப்புகளுக்கு 9 மாதங்கள்தான். எல்டிஎஸ் பதிப்பையே போடுங்கள். ஃபெடோரா புதுமைகளை முதலில் தரும். ஆனால் ஒரு பதிப்பின் ஆயுள் ஏறத்தாழ 13 மாதம். ஆர்ச் கற்றுக்கொள்ள நல்லது. நாளைக்குப் பிராஜக்ட் சமர்ப்பிக்க வேண்டியவர் இன்று இரவு அதில் கை வைக்கக் கூடாது.

*பி.காம். மாணவர், கணக்கு எழுதும் கடைக்காரர், இறால் நண்டு வியாபாரி:* டேலி பயன்படுத்துகிறீர்கள் என்றால் மாற வேண்டாம். டேலி விண்டோஸுக்காகச் செய்யப்பட்டது. அதை லினக்ஸில் ஓட்டிப் பார்க்கிறேன் என்று கடைக் கணக்கைப் பணயம் வைக்கக் கூடாது. உரிமம் உள்ள விண்டோஸை வாங்குங்கள். அது தொழில் செலவு. வரவு செலவு, பாக்கி, கொடுக்கல் வாங்கல் மட்டும் எழுதுகிறவர்களுக்கு லிப்ரே ஆபீஸின் கணக்குத் தாள் தாராளமாகப் போதும். வருட முடிவில் ஜகாத் கணக்குப் பார்க்கவும் அதே தாள் உதவும்.

*கட்டட வரைபடம், ஃபிளெக்ஸ் அச்சு, திருமண அழைப்பிதழ் வேலை செய்வோர்:* ஆட்டோகேட், கோரல்டிரா, ஃபோட்டோஷாப் ஆகியவை லினக்ஸுக்கு வெளியிடப்படுவதில்லை. கிம்ப், இங்க்ஸ்கேப் என்ற திறமூலச் செயலிகள் கற்கத் தகுந்தவை. ஆனால் வாடிக்கையாளர் கோரல்டிரா கோப்போடு வந்து நிற்கும் தொழிலில் இருப்பவர் விண்டோஸில் இருப்பதே நல்லது.

*இ-சேவை, பிரவுசிங் சென்டர் நடத்துவோர்:* ஆதார் கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையொப்ப டோக்கன் ஆகியவற்றின் இயக்கிகள் பெரும்பாலும் விண்டோஸை நினைத்தே செய்யப்படுகின்றன. அந்த ஒரு கணினியை விண்டோஸில் வையுங்கள். மக்கள் உட்கார்ந்து இணையம் பார்க்கும் மற்றக் கணினிகளை மின்டுக்கு மாற்றலாம். பலர் தங்கள் பென்டிரைவைச் செருகும் கணினியில் வைரஸ் தொல்லை குறைவது பெரிய நிம்மதி.

*மதரஸா, மாலை மக்தப், அறக்கட்டளை அலுவலகம்:* டெபியன் அல்லது பாஸ். எல்லாக் கணினியிலும் ஒரே வழங்கலைப் போடுங்கள். கற்பிப்பதும் பழுது பார்ப்பதும் எளிது. சிறுவர்களுக்கு ஜிகாம்ப்ரி, டக்ஸ் பெயின்ட், கணிதத்துக்கு ஜியோஜிப்ரா ஆகியவை காசில்லாமல் கிடைக்கின்றன.

*வீட்டுப் பெண்கள், முதியவர்கள்:* வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையோடு ஜூம், கூகுள் மீட் வழியாகப் பேச, பயான் கேட்க, சமையல் பார்க்க மின்ட் போதும். திரையில் நான்கே படங்கள் இருக்கும்படி அமைத்துக் கொடுங்கள். 'லினக்ஸில் வைரஸ் வராது, இனி பயமில்லை' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஓடிபி கேட்டு ஏமாற்றுகிறவனுக்கு எந்த இயங்குதளமும் தடை இல்லை. அதற்கு எச்சரிக்கை ஒன்றே மருந்து.

7. பெயரைப் பார்த்து மட்டும் எடுக்க வேண்டாம்

சில ஆண்டுகளுக்கு முன் 'உபுண்டு முஸ்லிம் எடிஷன்' என்று ஒரு வழங்கல் இருந்தது. பிறகு அதற்கு 'ஸபீலி' என்று பெயர் வைத்தார்கள். தொழுகை நேரம் சொல்லும் செயலி, குர்ஆனை ஓதிப் படிக்கும் செயலி, ஹிஜ்ரி நாட்காட்டி எல்லாம் அதில் சேர்ந்தே வந்தன. நல்ல நோக்கத்தோடு தன்னார்வலர்கள் செய்தது. ஆனால் 2011-ஆம் ஆண்டின் பதிப்போடு அது நின்றுவிட்டது. இன்றும் யாராவது அதன் வட்டைக் கொடுத்தால் போட வேண்டாம். பாதுகாப்புத் திருத்தம் வராத இயங்குதளம், எந்தப் பெயரில் இருந்தாலும், பூட்டில்லாத வீடு.

அதில் இருந்த வசதிகளை எங்கும் பெறலாம். தொழுகை நேரச் செயலி எந்த லினக்ஸிலும் நிறுவக்கூடியது; குர்ஆன் உலாவியிலேயே கிடைக்கிறது. ஒரு வழங்கலை எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை இரண்டு. கடைசிப் பதிப்பு எப்போது வந்தது? எந்த ஆண்டு வரை ஆதரவு உண்டு?

8. தமிழும் அரபும் எழுத

தமிழக அரசு 1999-இல் தரப்படுத்திய 'தமிழ்99' விசைப்பலகையும், ஆங்கில ஒலிப்படி தட்டும் முறையும் லினக்ஸில் உண்டு. அமைப்புகளில் 'உள்ளீட்டு முறை' பகுதியில் ஐபஸ் என்ற செயலி வழியாகச் சேர்த்துக்கொள்ளலாம். அரபு விசைப்பலகையையும் அங்கேயே சேர்க்கலாம். அரபுக்கு 'அமீரி' என்ற கட்டற்ற எழுத்துரு மிக அழகானது. கெய்ரோவின் புகழ்பெற்ற பூலாக் அச்சகத்து நஸ்க் எழுத்தை முன்மாதிரியாகக் கொண்டது.

பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய கோப்புகள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். இது லினக்ஸின் குறை இல்லை. எந்தக் கணினியிலும் அப்படித்தான். ஜமாஅத் பதிவேடுகளை ஒருமுறை ஒருங்குறிக்கு மாற்றிவிட்டால் பிறகு கவலை இல்லை.

9. மாற்றும் முறை

முதல் படி: கோப்புகளைப் படியெடுங்கள். புகைப்படம், சான்றிதழ் நகல், பாடக் குறிப்பு எல்லாவற்றையும் வெளி வட்டிலோ பென்டிரைவிலோ எடுத்து, வேறொரு கணினியில் திறந்து பார்த்து உறுதி செய்யுங்கள். இந்தப் படியை முடிக்காமல் அடுத்ததற்குப் போகக் கூடாது.

இரண்டாவது: வழங்கலின் அதிகாரப்பூர்வ தளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, 8 ஜிபி பென்டிரைவில் ரூஃபஸ் அல்லது வென்டாய் செயலியால் ஏற்றுங்கள். அந்தப் பென்டிரைவில் முன்பு இருந்தவை அழிந்துவிடும்.

மூன்றாவது: பென்டிரைவைச் செருகிக் கணினியை இயக்கும்போது எஃப்12, எஃப்2, எஸ்கேப் ஆகியவற்றில் உங்கள் கணினிக்கு உரிய விசையை அழுத்திப் பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். எதையும் நிறுவாமலே இயங்குதளம் ஓடும். 'லைவ்' முறை என்பது இதுதான். வைஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, கேமரா தெரிகிறதா, பிரிண்டர் அச்சிடுகிறதா என்று பாருங்கள். எச்பி பிரிண்டர்களில் பெரும்பாலானவை எளிதில் ஓடும். நம் கடைகளில் பரவலாக உள்ள கேனான் எல்பிபி 2900-ஐ லினக்ஸில் அமைப்பது சற்றுச் சிரமம். தெரிந்தவர் துணை வேண்டும்.

நான்காவது: ஒரு வாரம் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். கொஞ்சம் மெதுவாக இருக்கும். ஆனால் பிள்ளையின் வேலை நடக்கிறதா என்பது தெரிந்துவிடும். பிறகு நிறுவலாம். கணினியில் உரிமம் உள்ள விண்டோஸ் ஓடுகிறது, வட்டில் இடமும் இருக்கிறது என்றால் அதை அழிக்காமல் பக்கத்திலேயே நிறுவுங்கள்.

ஐந்தாவது: நிறுவியவுடன் 'புதுப்பித்தல்' செயலியை ஓட்டுங்கள். வாரம் ஒருமுறை ஓட்டப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். ஏரிக் காற்றில் உப்பு இருப்பதால் யூஎஸ்பி, சார்ஜர் வாய்கள் சீக்கிரம் துருப்பிடிக்கும். கணினியை ஜன்னலோரத்தில் திறந்தபடி வைக்க வேண்டாம்.

10. கேட்பதற்கு ஆள்

மும்பை ஐஐடியின் 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டத்தில் லினக்ஸ், லிப்ரே ஆபீஸ் பாடங்கள் தமிழ்க் குரலில் கட்டணமில்லாமல் கிடைக்கின்றன. 2012-இல் தொடங்கிய 'கணியம்' இதழ் திறமூல மென்பொருள்களைப் பற்றித் தமிழிலேயே எழுதிவருகிறது. சென்னையிலும் காஞ்சியிலும் விழுப்புரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் உண்டு. கேட்டால் சலிக்காமல் சொல்லிக் கொடுப்பார்கள்.

இவை எல்லாம் இருந்தாலும், நம் தெருவிலேயே ஒருவர் இருப்பது போல ஆகாது. அனுப்பம்பட்டிலிருந்து சென்னைக்கு மின்சார ரயிலில் போய்ப் படிக்கிற, வேலை பார்க்கிற தம்பிமார்களிடமும் தங்கைமார்களிடமும் எங்கள் வேண்டுகோள் இதுதான். உங்கள் தெருவில் மூன்று வீடுகளை நீங்கள் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். போட்டுக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். அடுத்த மூன்று மாதம் அவர்கள் கேட்கும்போது போய்ப் பாருங்கள். 2011-இல் நம் வீடுகளுக்குக் கணினி வந்தது. சொல்லிக் கொடுக்கும் ஆள் வரவில்லை. அந்த ஆளாக நீங்கள் இருக்க முடியும்.

வீட்டில் செய்து பார்க்க

இந்த ஜும்ஆ முடிந்து வீடு திரும்பியதும் குடும்பத்தோடு உட்கார்ந்து இவற்றுக்கு விடை எழுதுங்கள்.

1. நம் வீட்டில் பயன்படாமல் கிடக்கும் கணினி எது? அதன் நினைவகம் எவ்வளவு?

2. அதில் செய்ய வேண்டிய வேலைகள் எவை? உலாவியில் நடக்காதவை எத்தனை?

3. இப்போது அதில் இருக்கும் விண்டோஸுக்கு உரிமம் உண்டா?

4. சிக்கல் வந்தால் நாம் கேட்கக்கூடிய ஒருவரின் பெயர் என்ன?

நான்காவது கேள்விக்கு விடை இல்லாதவர்கள் அந்தத் தாளோடு அறக்கட்டளைக்கு வாருங்கள். கற்றுக் கொடுக்க முன்வரும் பிள்ளைகளும் வாருங்கள். உங்களை அவர்களோடு இணைத்துவிடுகிறோம். புதுக் கணினிக்கான உதவி விண்ணப்பத்தையும் இந்தத் தாளோடு சேர்த்தே கொடுங்கள். உண்மையிலேயே புதியது தேவைப்படும் பிள்ளைக்கு அந்தப் பணம் போய்ச் சேர வேண்டும். நன்கொடை கொடுத்தவர்களின் அமானிதம் அது.

வட்டியிலிருந்தும் வீண்விரயத்திலிருந்தும் அல்லாஹ் நம்மைக் காப்பானாக. பயன் தரும் கல்வியை நம் பிள்ளைகளுக்கு எளிதாக்கித் தருவானாக. ஆமீன்.